சாமிக்கண்ணு எழுந்துபோன நாற்காலி

புதுச்சேரி ஊருக்குத் தெற்கே, ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அங்கே சாமிக்கண்ணுவைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். அவர் சுக்கான் பிடித்தால் படகு அலையில் கவிழாது. அவர் பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். கடலிலும் சரி, பஞ்சாயத்திலும் சரி, அவர் அதிகம் பேசமாட்டார். பேசுகிறவர்களைப் பேசவிட்டு, எல்லோரும் களைத்த பிறகு இரண்டு வார்த்தை சொல்வார். அதற்குள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பவர்கள் சரி என்று தலையாட்டிவிடுவார்கள்.

1959ஆம் வருஷம் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது, வளர்ந்தது, பெண்ணெடுத்தது எல்லாம் அந்தக் குப்பத்தில்தான். பள்ளிக்கூடம் போனதில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் வந்தபோது கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டார். அவர் மனைவி அங்கம்மாள் கூடையில் மீன் சுமந்துபோய் ஊருக்குள் பெரிய மார்க்கெட்டில் விற்பாள். வீட்டில் அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஒரே மகள் முத்தம்மாள். அவளைப் பக்கத்துத் தெருவில் பலராமனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

பலராமன் நல்ல உழைப்பாளி. ஆனால் கல்யாணமான மூன்றாம் வருஷம், வலைக்கயிறு கையைச் சுற்றி இழுத்ததில் அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. மிச்சமிருந்த கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வைத்துக்கொண்டு வலை இழுக்க முடியாது. யார் படகிலும் அவனை ஏற்றவில்லை. ஏற்றவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. அவன் வருவதற்குள் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்றரை வருஷம் அவன் வீட்டில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தாரின் பெட்ரோமாக்ஸ் விளக்கையும் சைக்கிளையும் பழுது பார்த்தான். இரும்பு என்றால் அந்த இரண்டு விரல்களும் பேசும். ஆனால் குப்பத்தில் பெட்ரோமாக்ஸ் எத்தனை இருந்துவிடப் போகிறது? மாமியார் கூடையில் மிஞ்சிய மீன்தான் பாதி நாள் அவன் வீட்டுக் குழம்பு.

அந்த வருஷம் கவர்மெண்டு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆறு எஞ்சின் படகுகள். எந்தக் கம்பெனி எஞ்சினை வாங்குவது என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட கமிட்டி. நான்கு பேர் அதிகாரிகள், ஐந்தாவது ஆள் மீனவர் பிரதிநிதி. குப்பத்துப் பஞ்சாயத்து கூடி சாமிக்கண்ணுவை அனுப்புவதென்று முடிவு செய்தது.

"அலையைத் தெரிஞ்சவரு போவணும். எஞ்சினத் தெரிஞ்சவனுங்க அங்க நாலு பேரு இருக்கானுங்க" என்றான் குமாரவேல். தூரத்து உறவில் சாமிக்கண்ணுவுக்கு மருமகன் முறை ஆகும் அவன் பஞ்சாயத்திலேயே வயதில் இளையவன், வாயில் மூத்தவன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஊருக்குள் பம்புசெட்டுக் கடை வைத்திருக்கும் சக்கரபாணி என்பவர் ஆளனுப்பி பலராமனைக் கூப்பிட்டார். கடைக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் மெக்கானிக் வேலை. மாதச் சம்பளம். வருஷத்துக்கு இரண்டு காக்கிச் சட்டை.

முத்தம்மாள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். சாமிக்கண்ணுவுக்கும் மனசு நிறைந்திருந்தது. அங்கம்மாள் மட்டும் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஊர்ல பத்து விரலோட எத்தினி பேரு வேலை இல்லாம சுத்துறான். ரெண்டு விரலு உள்ளவன அவரு ஏன் தேடிவந்து கூப்புடுறாரு?"

"அவன் கைவேலை அப்படி."

"ஆமாமா. தூண்டில்ல எறாலு மாட்டுறது மீனு மேல இருக்குற பாசத்துல."

"பம்புசெட்டு விக்கிறவருக்கு நம்மகிட்ட என்னா ஆவணும்? நம்ம என்னா நெல்லா நடுறோம்?" என்றார் சாமிக்கண்ணு. அது சரியான கேள்விதான். அங்கம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு கம்பெனிகளின் எஞ்சினையும் ஆற்றில் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டும் டீசல். ஒன்று வேகமானது, விலையும் குறைவு. அதன் விசிறி, அதாவது படகின் பின்னால் தண்ணீருக்கடியில் சுற்றித் தள்ளுவது, அடிப்பலகையோடு சேர்த்து இறுக்கப்பட்டிருந்தது. இன்னொன்று மெதுவாகப் போனது, அதிகம் புகைத்தது. ஆனால் ஒரு பிடியை இழுத்தால் அதன் விசிறி நாயின் வாலைப்போல மேலே தூக்கிக்கொண்டது. குப்பத்துக்காரர்கள் கரையில் நின்று பார்த்து, உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: வால் தூக்குற எஞ்சின், வால் தூக்காத எஞ்சின்.

எது தங்களுக்கு வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. அந்தக் கரையில் படகு நிறுத்த மேடை கிடையாது. அலை உடையும் இடத்தைத் தாண்டி, மணலில் ஏற்றித்தான் படகைக் கரைசேர்க்க வேண்டும். இரண்டு அலைக்கு நடுவில் தண்ணீர் வற்றும்போது படகின் வயிறு மணலில் உட்காரும். கீழே இரும்பு நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் என்ன ஆகும் என்பதைக் கடலில் இறங்கிய எவனும் சொல்லிவிடுவான். ஆனால் ஓட்டிக் காட்டியது அலை இல்லாத ஆற்றில். அங்கே வேகமானது வேகமாகத்தான் தெரிந்தது.

"மாமா, வேற எதுவும் பேச வாணாம்" என்று குமாரவேல் சொல்லி அனுப்பினான். "வால் தூக்குறது. இந்த ரெண்டு வார்த்தைய மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க."

கூட்டம் கவர்மெண்டு ஆபீஸ் மாடியில். நீளமான மேசை, ஐந்து நாற்காலி. சலவை வேட்டி, தோளில் சலவைத் துண்டு என்று சாமிக்கண்ணு போய் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகாரிகள் இங்கிலீஷில் பேசினார்கள். நடுவில் பிரெஞ்சும் வந்தது. ஓரமாக உட்கார்ந்து குறிப்பெழுதிய கிளார்க் ராமலிங்கம் அவ்வப்போது அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். ராமலிங்கம் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்கு வந்தவர்.

"முதல் டெண்டர், வேகமா ஓடிச்சே அந்த எஞ்சின்" என்றார் ராமலிங்கம். "கம்பெனி பம்பாய்ல இருக்கு. புதுச்சேரிக்கு ஏஜெண்டு, நம்ம பம்புசெட்டுக் கடை சக்கரபாணி. புதுசா எடுத்திருக்காரு."

சாமிக்கண்ணுவுக்கு அங்கம்மாள் சொன்ன இறால் ஞாபகம் வந்தது. எழுந்து நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்து, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அவர் செய்தது அவர்கள் குப்பத்தில் எல்லோரும் செய்வது. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் உறவு. எந்த வழக்கு வந்தாலும் பஞ்சாயத்தில் ஒருவராவது வாதிக்கோ பிரதிவாதிக்கோ சம்பந்தி, மாமன், பங்காளி என்று ஆவார். அப்படி நெருங்கிய சொந்தம் என்றால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. சொந்தத்துக்காகப் பேசினாலும் தப்பு. நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்வதற்காகச் சொந்தத்துக்கு எதிராகப் பேசினாலும் தப்பு. எழுந்து, உட்கார்ந்த இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு விலகிப் போய்விட வேண்டும். அந்த வகையறாவைச் சேராத வேறொருவர் வந்து துண்டை எடுத்து வைத்துவிட்டு அங்கே உட்காரும்வரை வழக்கு நகராது. துண்டு கிடக்கும் இடத்தில் தீர்ப்பு கிடையாது. சாமிக்கண்ணுவே இருபது தடவையாவது அப்படி எழுந்து போயிருக்கிறார். யாரும் காரணம் கேட்டதில்லை.

வராந்தாவில் நின்று கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பத்திலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்வார்கள். குமாரவேலை அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டார். அரைமணி நேரம் போனது. பியூன் ஒருவன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"பெரியவரே, துண்ட மறந்துட்டீங்க."

"கூட்டம் என்னாச்சு?"

"முடிஞ்சிடுச்சே. டீ கூட குடிச்சிட்டாங்க."

முடிந்தது என்றால் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

நான்காம் நாள் காலையில் சக்கரபாணி குப்பத்துக்கே வந்தார். ரிக்‌ஷாவில் ஒரு தார் வாழைப்பழமும் தாம்பூலத் தட்டும் இருந்தன. பார்த்துக்கொண்டிருந்த நாலு பேருக்கு முன்னால் சாமிக்கண்ணுவைக் கும்பிட்டார்.

"பெரிய மனசுங்க உங்களுக்கு. அஞ்சு பேரும் ஒரே முடிவா கொடுத்துட்டீங்க. ஒரு ஆட்சேபம் இல்ல. மேலிடத்துக் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, ஒரு வாரத்துல ஆயிடும். நம்ம பலராமன எஞ்சின் பட்டறைக்கே மேஸ்திரியாப் போட்டுடறேன்."

சாமிக்கண்ணு பழத்தைத் தொடவில்லை. சக்கரபாணி அதைக் கூச்சம் என்று நினைத்து, தாரைக் குடிசை வாசலில் சாய்த்துவிட்டுப் போனார். ரிக்‌ஷா திரும்புவதற்குள் செய்தி அந்தக் கோடி வீடு வரைக்கும் போய்விட்டது.

குமாரவேல் வந்து வாழைத்தாரைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"என்னா மாமா, பழம் எந்த ஊரு? ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னோமே, ரெண்டு சீப்பா வாங்கிட்டீங்களா?"

"நான் துண்டு போட்டுட்டு வந்துட்டேன்டா."

"துண்டு போட்டீங்களா? அப்ப எப்பிடித் தீர்ப்பு வந்துச்சு?"

"அதான் எனக்கும் தெரியல."

"நம்புற மாதிரி சொல்லுங்க மாமா" என்றான் குமாரவேல். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்ப ஆசைப்பட்டுச் சொன்னான். அதுதான் சாமிக்கண்ணுவுக்கு அதிகமாக வலித்தது. அங்கம்மாள் தாரைத் தூக்கித் தெருவில் நின்ற ஆடுகளுக்குப் போட்டாள்.

அன்றைக்கே நடந்து ஆபீஸுக்குப் போனார். ராமலிங்கம் காகிதக் கட்டை அவிழ்த்து ஒரு தாளை எடுத்தார்.

"இதுதாங்க புரோசே வெர்பால். கூட்டத்துல நடந்தத எழுதி வைக்கிறது. படிக்கிறேன் கேளுங்க. 'மீனவர் பிரதிநிதி திரு. சாமிக்கண்ணு வந்திருந்தார். ஆட்சேபம் எதுவும் எழுப்பவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.'"

"நான் வெளிய போயிட்டேனே ஐயா."

"பாத்தேன். வெத்தல துப்பப் போறீங்கன்னு நெனச்சேன்."

"துண்டு வச்சிட்டுப் போனேன்."

"அதனாலதான் ஆளு இருக்காருன்னே எழுதினேன்" என்றார் ராமலிங்கம். "எங்க பக்கம் துண்டப் போட்டா எடம் புடிக்கிறதுன்னு அர்த்தங்க. பஸ்ல போடல? திரும்பி வந்து உக்காருவேன், வேற எவனும் உக்காராதன்னு. பெரிய அதிகாரி கூடக் கேட்டாரு. 'வருவாருங்க, துண்டு இருக்கு'ன்னு நான்தான் சொன்னேன்."

சாமிக்கண்ணு குப்பத்து வழக்கத்தை விளக்கிச் சொன்னார். ராமலிங்கம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் இருந்த ஆபீஸ் களை கொஞ்சம் குறைந்தது.

"இது நல்ல வழக்கமா இருக்கே" என்றார். "எங்க ஆபீஸ்ல எழுந்துபோக ஆரம்பிச்சா நாற்காலிக்கு நாற்காலி துண்டுதான் கெடக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பிரெஞ்சுக் கொடி எறங்கி அஞ்சு வருஷம் ஆனாலும் பழைய சட்டம் இன்னும் எறங்கலீங்க. அதுல ஒரு வழி இருக்கு. கமிட்டியில இருக்குற ஒருத்தருக்கு டெண்டர் போட்டவரால ஆதாயம் இருந்தா, அவரே எழுதிக் குடுத்துடலாம். மேலிடத்துக் கையெழுத்து ஆவுறதுக்கு முன்னால குடுத்தா தீர்மானம் ரத்து. மறுபடியும் மொதல்ல இருந்து."

"எழுதிக்குங்க ஐயா."

"அவசரப்படாதீங்க. சும்மா சொந்தம்னு எழுத முடியாது. யாரு, என்னா உறவு, எந்தக் கடையில, என்னா சம்பளம். எல்லாம் பேரோட எழுதணும். சக்கரபாணிக்கு ஒரு நகல் போவும்."

சாமிக்கண்ணு பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போவது அவருக்குப் பழக்கம். யாரையும் பெயர் சொல்லாமல், யாரையும் குறை சொல்லாமல் எழுந்து போய்விடுவது. இது அப்படி இல்லை. மருமகன் பெயரைத் தன் வாயால் சொல்லி, காகிதத்தில் ஏற்றி, கவர்மெண்டிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவன் வேலை போகும். கொடுக்காவிட்டால் ஆறு படகுகளும் வால் தூக்காத எஞ்சினோடு வரும், தன் சம்மதத்தோடு. ஒரு படகுக்கு ஐந்து பேர்.

"நாளைக்கு வரேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனார். பலராமன் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். சாமிக்கண்ணு சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவன் சாப்பிடவில்லை.

"அந்த எஞ்சின் கெட்ட எஞ்சின் இல்ல மாமா. நான் பிரிச்சுப் பாத்திருக்கேன். தங்கம் மாதிரி இருக்கு."

"எஞ்சின நான் குத்தம் சொல்லல மாப்ள. கீழ நீட்டிக்கிட்டு இருக்கே, அதச் சொல்றேன்."

"ஏதாவது பண்ணிடலாம். அடியில தகடு வைக்கலாம். வேலைய மொதல்ல வாங்குவோம், அப்புறம் பாத்துக்கலாம்."

"சக்கரபாணி அப்படிச் சொன்னாரா?"

முத்தம்மாள் அடுப்புப் பக்கத்திலிருந்து திரும்பினாள்.

"ஏம்பா, அங்க இருக்குற நாலு அதிகாரிக்கும் சொந்தக்காரனே இல்லையா? அவனவன் மச்சான், தம்பி எல்லாம் எங்க எங்க இருக்கான்னு எழுதிக் குடுத்திருக்கானா? நீ மட்டும் ஏன் எழுதணும்? என் புருஷன் பேருதான் கெடச்சுதா?"

"அவங்க சம்மதத்துல வர்ற படகுல அவங்க கடலுக்குப் போவப் போறதில்ல தாயி."

"இவரும்தான் போவல! போவ முடியாதவருக்கு ஒரு வேலை கெடச்சுது, அதையும் நீயே புடுங்கு."

பலராமன் அவளைக் கையமர்த்தினான். மிச்சமிருந்த இரண்டு விரல்களால் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டான்:

"மாமா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு எனக்காக வேலை குடுத்தாரா, உங்களுக்காகக் குடுத்தாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். சாமிக்கண்ணுவுக்கு அது தோன்றியது. ஆனால் அவருக்குப் பேச்சே கம்மி. அதில் பொய்க்கு இடமில்லை.

"எனக்காகத்தான் கூப்ட்டாரு. வேலை செய்யிறது நீங்க."

பலராமன் கை கழுவிவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனான். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை.

சாமிக்கண்ணு ஆபீஸுக்குப் போய்ச் சொல்லச் சொல்ல, ராமலிங்கம் எழுதினார். கீழே கையெழுத்துப் போட அவருக்கு வழக்கத்தைவிட நேரமானது.

தீர்மானம் ரத்தானது. அந்தக் காகிதத்தில் படகின் வயிறும் மணலும் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது தன் இடமில்லை என்று விட்டுவிட்டார். அதைச் சொன்னது அவருக்குப் பதிலாகக் கமிட்டிக்குப் போன குமாரவேல். ஆற்றில் வேண்டாம், கடலில் ஓட்டிக் காட்டட்டும் என்று மேசையைத் தட்டிக் கேட்டான். பெரிய அதிகாரி ஒத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு நாள் குறித்தார்கள்.

சக்கரபாணி பலராமனை உடனே நிறுத்திவிடவில்லை. அவர் வியாபாரி. "கடல்ல ஓட்டிக் காட்டு. ஜெயிச்சா மேஸ்திரி. தோத்தா நீயே புரிஞ்சுக்க" என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் சாமிக்கண்ணு கரையில் படகுப் பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பலராமன் வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அந்த மத்தியானத்துக்குப் பிறகு இப்போதுதான் பேச வருகிறான்.

"மாமா, இப்ப நீங்க கமிட்டியில இல்ல."

"இல்ல."

"அப்ப உங்களக் கட்டுப்படுத்துறதுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு எங்க படகுல நீங்க சுக்கான் புடிங்க. எஞ்சின நான் பாத்துக்குறேன். நீங்க அலையப் பாத்துக்குங்க. தண்ணி வத்தாத அலையாப் பாத்து ஏத்திட்டீங்கன்னா அடி தட்டாது. உங்களால முடியும்."

முடியும்தான். எந்த அலைக்குப் பின்னால் தண்ணீர் தங்கும் என்பது அவருக்கு உள்ளங்காலில் தெரியும். அரைமணி நேரம் அலைக்கு வெளியே காத்திருந்தாவது கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அதிகாரிகள் கரையில் நின்று கைதட்டுவார்கள். மருமகன் மேஸ்திரி ஆவான். மகள் வீட்டில் அடுப்பு எரியும். சட்டத்தில் எழுதிக் கொடுக்க எதுவும் இல்லை.

ஊசியைப் பாயிலேயே குத்தி வைத்தார்.

"நான் புடிச்சா தாண்டும் மாப்ள. ஆறு படகு வரப்போவுது. மத்த அஞ்சுல யாரு புடிப்பா?"

பலராமன் மணலில் எதையோ கீறிக்கொண்டிருந்தான்.

"உங்க மகளுக்காகக் கேட்டுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் குப்பம் முழுவதும் கரையில். அதிகாரிகளுக்குக் குடை பிடித்திருந்தார்கள். ராமலிங்கம் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு காகிதக்கட்டோடு நின்றார். முதலில் வால் தூக்குகிற எஞ்சின் போனது. இருமியது, புகைத்தது, போய்ச்சேர இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டது. திரும்பி வரும்போது அலைக்கு முன்னால் வாலைத் தூக்கி, இரண்டு துடுப்பை மட்டும் போட்டு, பன்றி சேற்றில் புரளுவதுபோல ஆடி ஆடிக் கரையேறியது. ஒரு நாகரிகமும் இல்லை. யாரும் கைதட்டவில்லை.

அடுத்தது சக்கரபாணியின் படகு. சுக்கானில் பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவர், மோசமில்லை, நடுத்தரம். எஞ்சினுக்குப் பக்கத்தில் பலராமன். இன்னும் மூன்று பேர். போகும்போது அம்பு மாதிரி போனது. கரையில் இருந்தவர்களே "அட" என்றார்கள். குமாரவேல்கூட வாயைத் திறந்து பார்த்தான். தூரத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பியது. சுக்கான்காரர் காத்திருக்கவில்லை, எஞ்சின் வேகத்தில் அவருக்குத் தைரியம் வந்திருந்தது. கையில் கிடைத்த அலையில் ஏறினார்.

அலை படகைத் தூக்கி முன்னால் எறிந்துவிட்டுக் கீழேயிருந்து விலகியது. அடி மணலில் உட்கார்ந்தது. மரம் முறிவதுபோல ஒரு சத்தம். விசிறியின் தண்டு வளைந்து எஞ்சின் அலறியது. படகு குறுக்கே திரும்ப, அடுத்த அலை அதன் பக்கவாட்டில் விழுந்தது. நான்கு பேர் தண்ணீரில். பலராமன் மட்டும் சாய்ந்த படகுக்குள்ளேயே இருந்து, அந்த இரண்டு விரல்களால் எஞ்சினை அணைத்தான். பிறகுதான் குதித்தான்.

சாமிக்கண்ணு எப்போது ஓடினார் என்று அவருக்கே தெரியாது. இருபது முப்பது பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஆட்களையும் படகையும் இழுத்து மணலில் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்குத் தோளில் அடி.

பலராமன் இருமி உப்புத் தண்ணீரைத் துப்பினான். பக்கத்தில் மாமனார் மூச்சிரைத்து நின்றார்.

"நீங்க புடிச்சிருந்தா தாண்டியிருக்கும்."

"தாண்டியிருக்கும்" என்றார் சாமிக்கண்ணு.

முத்தம்மாள் காய்ந்த வேட்டியோடு ஓடிவந்தாள். அதைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, ஈரத்தில் நின்ற அப்பாவைத் தாண்டிப் போனாள்.

ஒப்பந்தம் மற்ற கம்பெனிக்குப் போனது. சக்கரபாணி பலராமனைக் கணக்கு முடித்து அனுப்பினார். காக்கிச் சட்டைகளை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. அவன் வில்லியனூரில் ஒரு நெல் மில்லில் எஞ்சின் ஓட்டும் வேலை தேடிக்கொண்டு, முத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சம்பளம் முன்னைவிடக் குறைவு. மாசி மகத்துக்கு முத்தம்மாள் வருவாள். அம்மாவோடு பேசிவிட்டு, அப்பா படகிலிருந்து இறங்குவதற்குள் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள்.

எஞ்சின் உடனே வந்துவிடவும் இல்லை. ரத்தான காகிதம், புதிய காகிதம், அதற்கு மேல் காகிதம் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. "அன்னைக்கே விட்டிருந்தா வால் தூக்காததாவது வந்திருக்கும்" என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அதே கரையில், அந்த வளைந்த தண்டை இழுத்துப் போட்டவர்களே அப்படிச் சொன்னார்கள். அங்கம்மாள்தான் பதில் சொன்னாள்: "வந்திருக்கும். எடுத்துக்கிட்டு யாரு திரும்பி வந்திருப்பா?"

1962ஆம் வருஷத் தொடக்கத்தில் ஆறு படகுகளும் வந்தன. குலுக்கலில் சாமிக்கண்ணுவின் குழுவுக்கு எதுவும் விழவில்லை. படகை இறக்கிய அன்றைக்கு, கூட்டத்துக்குப் பின்னால் பலராமன் நிற்பதை அவர் பார்த்தார். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவர் பார்த்தும் பார்க்காததுபோல நின்றார். கூட்டம் கலைந்ததும் பலராமன் ஒரு படகின் பின்பக்கம் போய் மண்டியிட்டு, வால் தூக்கும் பிடியை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான். மூட்டில் செருகியிருந்த முளையாணியை விரலால் தடவினான்.

"இந்த முளை உப்புல தேஞ்சிடும்" என்றான், திரும்பாமலே. பக்கத்தில் மாமனாரைத் தவிர வேறு யாரும் இல்லை. "ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் மாத்தணும். மாத்தலன்னா ஒருநாள் தூக்குற நேரத்துல தூக்காது. சங்கத்துல சொல்லி வைங்க மாமா."

"நான் சொன்னா, மருமவனுக்கு வேலை தேடுறாருன்னுவாங்க" என்றார் சாமிக்கண்ணு. "குமாரவேலு அதோ அந்தப் படகுலதான் இருக்கான். நீங்களே போயிச் சொல்லுங்க மாப்ள."

பலராமன் கொஞ்ச நேரம் அந்த முளையைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு அதைக் கழற்றி, கையிலேயே எடுத்துக்கொண்டு, குமாரவேலின் படகைப் பார்த்து நடந்தான்.